கொழும்பிலிருந்து காத்மாண்டுவுக்கு எந்த வழி?

தெற்காசியாவில் இணையம் என்றாலே எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறோம், அது வரும் பாதையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கடலே கிடையாது, நாடுகளுக்கிடையே இணையத்தைச் சுமக்கும் கடலடிக் கேபிளைத் தொடுவதற்கே அண்டை நாட்டின் தயவு வேண்டும். வங்கதேசத்துக்குக் கடல் இருந்தும் முதல் கேபிள் 2006இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. 2008 ஜனவரியில் எகிப்துக்கு அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியா, பாகிஸ்தான் வரை இணையம் தள்ளாடியது.

அப்புறம் பல்கலைக்கழகங்கள். இலங்கையில் லேர்ன், இந்தியாவில் என்கேஎன், பாகிஸ்தானில் பெர்ன், வங்கதேசத்தில் பிடிரென் என்று ஆய்வுக்கான தனி வலையமைப்புகள் இருக்கவே செய்கின்றன. இதெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் 2020 கொரோனா முடக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இலங்கைப் பல்கலைக்கழக வகுப்புகள் லேர்ன் வழியாக ஜூமில் நடந்தன, தொலைபேசி நிறுவனங்களும் அந்த டேட்டாவுக்குக் காசு வாங்காமல் விட்டன, அதனால்தான் கையில் ஒரு போன் மட்டும் இருந்த மாணவர்களும் வகுப்பில் உட்கார முடிந்தது.

சரி, நாட்டுக்குள் இவ்வளவு செய்கிறோம். ஆனால் பக்கத்து நாட்டுக்கு அனுப்பும் தரவு பல நேரம் சிங்கப்பூரையோ ஐரோப்பாவையோ சுற்றிக்கொண்டு போகிறது. ஃபைபர் கேபிள் இல்லாத குறை இல்லை இது, எல்லை தாண்டி நேராக இணைத்துக்கொள்ள அரசுகளுக்கு மனசில்லை என்பதுதான் என் கணிப்பு.