ஷாங்காய் சாலையில் அமெரிக்கச் சொகுசு கார்கள்

2024 அக்டோபர் 12, சனி

ஹுவாய்ஹாய் சாலையில் ஒரு காபிக் கடை ஜன்னலோரம். ஜெர்மன் கார்களை எண்ணிப் பயனில்லை, வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கச் சொகுசு கார் என்று பார்த்தால் காடிலாக்தான் அதிகம். அதன் டிக்கியின் இடது பக்கம் சீன எழுத்துகளில் கம்பெனிப் பெயர் இருந்தால் உள்ளூர்த் தயாரிப்பு. இறக்குமதி காரில் அது இருக்காது. சிலர் அந்த எழுத்துகளைப் பெயர்த்து எடுத்துவிடுகிறார்கள், எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஓடுகிற காடிலாக் பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதோங்கின் ஜின்சியாவ் தொழிற்சாலையில் செய்தது. 2016 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே காடிலாக்கின் விற்பனையில் சீனா அமெரிக்காவை முந்திவிட்டது.

டெஸ்லாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வேறு எதையும் பார்க்க நேரம் இருக்காது.

அக்டோபர் 15, செவ்வாய்

வாடிக்கையாளரை அழைத்துவர ஹோங்சியாவ் விமான நிலையம். வருகை வாசலில் வரிசையாக பியூக் ஜிஎல்8. அமெரிக்காவில் பியூக் என்றால் பணி ஓய்வு பெற்ற தாத்தா ஓட்டும் வண்டி என்று கிண்டல் செய்வார்கள். இங்கே இந்த வேன் முதலாளிகளின் வாகனம். பக்கக் கதவு தானாக நகரும், முதலாளி இரண்டாவது வரிசையில் கால் நீட்டி உட்காருவார், மூன்றாவது வரிசை உதவியாளருக்கு. சுமார் 25 ஆண்டுகளாக இந்தப் பெயரில் ஓடுகிறது, அமெரிக்காவில் விற்பதே இல்லை. சீனாவில் சொகுசு என்பது ஸ்டியரிங்கில் இல்லை, பின்னால் இருக்கிறது என்பதை இந்த வண்டி நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே புரிந்துகொள்ளலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

சினான் சாலையில், பின்னாளில் சீனப் பிரதமரான சௌ என்லாய் தங்கிய பழைய வீடு. 1946-ல் கோமிண்டாங் அரசோடு பேசிய கம்யூனிஸ்ட் கட்சிப் பேச்சுவார்த்தைக் குழு இங்கிருந்துதான் இயங்கியது. கறுப்பு பியூக் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கடைசிப் பேரரசர் பூயியிடமும் பியூக் இருந்ததாகச் சொல்வார்கள். பேரரசர், புரட்சிக்காரர் இருவருக்கும் ஒரே கம்பெனி! 1958-ல் வந்த ஹோங்சி சிஏ72, அதாவது புதிய சீனாவின் தலைவர்களுக்கான கார், அதற்கும் முன்மாதிரி அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று நல்ல வேட்டை. ஜிங்ஆன் கோயில் அருகே ஒரு லிங்கன் கான்டினென்டல் (ஃபோர்டின் சொகுசு கார்), ஆழ்ந்த நீலம், டிரைவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவின் கைப்பிடி ஜன்னலுக்குக் கீழே குரோம் பட்டையோடு ஒட்டியிருக்கும், தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

எனக்கு இந்தக் காரின் மேல் ஒரு பரிதாபம். லிங்கன் 2014-ல்தான் சீனாவுக்குள் வந்தது. மறு ஆண்டே கான்டினென்டல் பெயரை உயிர்ப்பித்து மாதிரி காரைக் காட்டினார்கள். பின் இருக்கையை அவ்வளவு கவனித்து வடிவமைத்ததே சீன முதலாளியை மனதில் வைத்துத்தான். ஆனால் செய்தது மிச்சிகனில். 2018 ஜூலையில் வர்த்தகச் சண்டை, அமெரிக்காவிலிருந்து வரும் கார்களுக்குச் சுங்க வரி 40 சதவீதமாக ஏறியது. ஆறு மாதத்தில் அந்தக் கூடுதல் வரியை நிறுத்திவைத்தார்கள். 2020-ல் காரையே நிறுத்திவிட்டார்கள். இப்போது நிலைமை தலைகீழ். ஹாங்சோவில் செய்த லிங்கன் நாட்டிலஸ் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகிறது.

நவம்பர் 2, சனி

கடைசியில் ஒரு எஸ்கலேட், காடிலாக்கின் பெரிய எஸ்யுவி! மங்கலான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஜெஜியாங் மாகாண எண் பலகையோடு, ஒரு மாலின் அடித்தள வாகன நிறுத்தத்தில். ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம், மூக்கு கோட்டைத் தாண்டி நிற்கிறது. 6.2 லிட்டர் எஞ்சின். இங்கே நான்கு லிட்டரைத் தாண்டினால் நுகர்வு வரி மட்டுமே 40 சதவீதம், சுங்கமும் மற்ற வரிகளும் தனி. இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் டியன்ஜின் துறைமுகம் வழியாகத் தனி வணிகர்கள் கொண்டுவருபவை. வெளியூர் எண் என்பதால் வாரநாட்களில் பகலில் மேம்பாலச் சாலைகளில் ஏறவும் முடியாது.

பழைய காடிலாக் ஏதாவது பார்த்தாயா என்று நண்பர் கேட்கிறார். வாய்ப்பு குறைவு. பழைய கார்களை இறக்குமதி செய்யவே தடை.

நவம்பர் 9, சனி

இரவில் காடிலாக் சிடி5 நிறையத் தென்படுகிறது. ஓட்டுபவர்கள் எல்லாம் இளைஞர்கள். பின் சக்கர இயக்கம், பட்டியல் விலையிலிருந்து பல பத்தாயிரம் யுவான் தள்ளுபடி, பிறகென்ன? முதலாளியின் பின் இருக்கையிலிருந்து கார் இவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஸ்பா, நீராவிக் குளியல் நிலையங்களின் வாசலில் காடிலாக் நிற்காமல் இருக்காது என்று சீன இணையத்தில் ஓயாத கேலி வேறு. ஓட்டுபவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்துப் பையன் ஒருவனும் சிடி5 வாங்கப் பார்க்கிறான். தடை விலை அல்ல, எண் பலகை. பெட்ரோல் காருக்கான நீலப் பலகை மாதாந்திர ஏலத்தில் தொண்ணூறாயிரம் யுவானுக்கு மேல் போகிறது, கட்டத் தயாராக இருந்தாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. முழு மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகை இலவசம். இந்த ஜூலையில் நாடு முழுக்க விற்ற கார்களில் பாதிக்கு மேல் மின்சாரமும் பிளக்-இன் ஹைப்ரிட்டும்தான் என்பதில் ஆச்சரியமில்லை. பையன் ஏலத்தில் ஏற்கெனவே தோற்றிருக்கிறான். இந்த மாதமும் கிடைக்கவில்லை என்றால் சியாவ்மியின் மின்சாரக் கார் எஸ்யு7-க்கு முன்பணம் கட்டிவிடுவானாம்.