மார்கழி, குல்லா, தபால்

16.12.2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி. அதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பால் வாங்க அனுப்புவாள். குரங்குக் குல்லாவைப் பரணிலிருந்து இறக்கினேன், ஒரே அந்துருண்டை வாடை. அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனால், கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, காவிரி ஐஸ் கட்டிடுச்சா?" ஈரத்தலையோடு குனிந்து புள்ளி வைக்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது? செல்போன் 22 டிகிரி காட்டியது. உள்ளே வந்துவிட்டேன்.

18.12, புதன்

டெல்லியில் ஐந்தாறு டிகிரியாம். "22-க்குக் குல்லாவாப்பா?" என்று மகள் சிரிக்கிறாள். மே மாதம் 40-ஐத் தாண்டும் ஊரில் வளர்ந்த காது இது. அதன் கஷ்டம் அதற்கு.

தபால் இல்லை.

21.12, சனி

இன்றுதான் வருடத்திலேயே நீண்ட இரவு. நாளையிலிருந்து சீக்கிரம் விடியும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டு, தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். அப்படி இல்லை. மாலையில் வெளிச்சம் நவம்பர் கடைசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. காலையில் உதயமோ ஜனவரி கடைசிவரை பின்னால்தான் போகிறது. மார்கழி முழுக்க சூரியனே நாளுக்கு நாள் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறது. என்னை மட்டும் எழுப்புகிறார்கள். இதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "சூரியன் வந்ததும் வேலை பார்க்குதுல்ல" என்றாள்.

24.12, செவ்வாய்

இன்றும் வரவில்லை. ரயில் தபாலில் என்னோடு வேலை பார்த்த நாகர்கோவில்காரர் வாழ்த்துக் கார்டு 23-ஆம் தேதியைத் தாண்டியதே கிடையாது. எந்த வண்டியில் போட்டால் எந்தப் பையில் ஏறும், எங்கே இறங்கும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறவர். பதினேழு வருடம் ஒரே செட்டில் ராத்திரி ராத்திரியாக மெயில் வேனில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தபடி நின்றோம். டிசம்பர் பாதியில் ஆரம்பித்தால் பொங்கல்வரை உட்கார நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று கார்டு மூட்டை மூட்டையாக வரும். முக்கால்வாசி ஒட்டாத உறை. வாயை உள்ளே மடித்துச் செருகியிருப்பார்கள், அதற்குத்தான் அப்போது ஸ்டாம்பு குறைவு. வண்டி ஆடும்போது உள்ளே இருக்கிற கரும்பும் காளையும் வெளியே வந்து விழும். ஜிகினா கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. தயிர்சாதத்தில் மின்னும். ஒருமுறை புருவத்தில் மினுமினுப்போடு வீட்டுக்கு வந்து, கல்யாணமான புதிதில், அரை நாள் விளக்கம் சொன்னேன்.

பின்கோடு எழுதாத உறைகள் அவருக்கு. 1972-இல் வந்த ஆறு இலக்கத்தை அப்போதும் பாதிப் பேர் எழுதமாட்டார்கள். டாக்டர் கையெழுத்தையும் படித்து, அந்தந்த ஊருக்கான தட்டறையில் சரியாக எறிவார். ஸ்ரீரங்கம் 620006 என்று எனக்கு எழுதும்போது மட்டும் அந்த ஆறுக்கு வால் வைப்பார்.

போன் செய்யலாம்தான். வேறு யாராவது எடுத்துவிட்டால்?

25.12, புதன்

பாலக்கரை சகாயமாதா கோயில் பக்கம் போய் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். பிளம் கேக் ஒரு துண்டு. சாப்பிட்டது ஒன்றரை.

27.12, வெள்ளி

தபால்: வங்கிக் கடிதம் ஒன்று.

31.12, செவ்வாய்

ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டேன், பன்னிரண்டுக்கு வெடி எழுப்பியது, புத்தாண்டு. (காலையில் எழுதியது. தேதியை மாற்ற மனமில்லை.)

4.1.2025, சனி

வாழ்த்து அட்டை வாங்கப் பெரிய கடை வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். "இப்ப யாரு சார் வாங்குறா, வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் தூசி தட்டி எடுத்தது 'இனிய மணவிழா வாழ்த்துகள்'. கடைசியில் ஐம்பது காசு போஸ்ட் கார்டில் நானே பானை வரைந்தேன். பொங்கல் பானை என்று தெரிவதற்குக் கீழே எழுத வேண்டியிருந்தது. நாகர்கோவிலுக்குப் போட்டாயிற்று.

குல்லாவைக் காணோம்.

10.1, வெள்ளி

சொர்க்கவாசல். தெருவில் தலைதான் தெரிகிறது. கடலூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் நம் திண்ணையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தது, எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். இன்று போஸ்ட்மேன் உள்ளே வர வழியில்லை. அதில் ஒரு நிம்மதி.

11.1, சனி

கூடாரவல்லி. அக்காரவடிசில், முழங்கை வழிய நெய். சர்க்கரை அளவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

நெய் தந்த தைரியத்தில் போன் போட்டேன். அவரே எடுத்தார். உம்முடைய பானை வந்ததுவே, சட்டி மாதிரி இருக்கு என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கை ஆடுதுவே. மூணு உறை கிழிச்சேன். அட்ரஸ் எழுதினா எனக்கே படிக்க முடியல. அதைப் பெட்டியில போட எனக்கு வெக்கமா இருக்கு."

தபால் பிரித்த சார்ட்டருக்கு இது எப்பேர்ப்பட்ட வெட்கம் என்று எனக்குத் தெரியும். மருமகளை எழுதச் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "620006 மட்டும் எழுதிப் போடும். மீதியை நான் போஸ்ட்மேன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றேன். சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

13.1, திங்கள்

போகி. பழையதை எரிக்கக் கட்டியதில் என் குல்லா இருந்தது! நெருப்பு வைக்கும் முன் மீட்டேன். ஓட்டை விழுந்துவிட்டதாம். ஓட்டை முன்பே இருந்தது, மூஞ்சி தெரிய வேண்டாமா?

14.1, செவ்வாய்

பொங்கல். தபால் கிடையாது.

18.1, சனி

போஸ்ட்மேனைத் தெருமுனையிலேயே பிடித்துச் சொல்லி வைத்தேன்: எழுத்து எப்படி இருந்தாலும், ஆறுக்கு வால் இருந்தால் அது எனக்கு. என்னை மேலும் கீழும் பார்த்தார். குல்லா போட்டிருந்தேன்.