அடப்பங்கொடியும் ஆரோக்கியப்பச்சையும்

மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் எங்கள் கரையில் பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குச் சொறி (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் முதலில் கை போவது அடப்பங்கொடிக்குத்தான். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ. நாலைந்து இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சாறு வடிய வடிய எரிகிற இடத்தில் தேய்த்துவிட்டு, பேசிக்கொண்டே மறுபடி தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். தாய்லாந்துக் கரையிலும் இதே கொடி, இதே வேலைக்கு. அங்கே ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். (மூச்சு முட்டினால் கொடி தேடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.)

இப்படி ஊர்சனத்துக்குத் தெரிந்த மருந்து என்றால், அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடிகள் விஷயம் தெரியும்தானே? 1987-ல் ஆராய்ச்சியாளர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போன காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே சளைக்காமல் ஏற, கூடப் போனவர்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' மருந்து செய்தார்கள், உரிமத்தில் வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அதற்கென அறக்கட்டளையும் பதிவானது. பாதி போதுமா என்பது தனிச் சண்டை. ஆனாலும் அறிவு யாருடையது என்று ஒரு பேச்சாவது நடந்தது.

இங்கே கடற்கரையைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று ஜேசிபி வைத்துக் கொடியோடு வழித்துவிடுகிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான், சரி, யாரிடம் சொல்ல. உங்கள் ஊரில் சொறிக்கு வேறு என்ன இலை வைப்பார்கள்? தெரிந்த அக்காமார், மதினிமார் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.