'டிஸ்க் போய்விட்டது' என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

எங்கள் வீட்டு மடிக்கணினி திடீரென்று விண்டோஸ் லோகோவைத் தாண்ட மறுத்தது. மீட்பு சி.டி. எதுவும் கூட வரவில்லை. விண்டோஸை மீண்டும் நிறுவ உதவும், டிஸ்க்கிலேயே ஒளிந்திருக்கும் மீட்புப் பகுதியையோ, 'டி டிரைவ் பிரித்துத் தருகிறேன்' என்று முன்பு ஒரு கடைக்காரர் அழித்துவிட்டிருந்தார். மீட்பைத் தொடங்கும் எஃப்11 விசையை அழுத்தியும் பயனில்லை.

வேறொரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பென்டிரைவைச் செருகி விண்டோஸ் நிறுவலைத் தொடங்கினார். டிஸ்க் பட்டியல் காலியாக வந்தது. "எஸ்எஸ்டி போய்விட்டது சார். புதிதுதான் போட வேண்டும். உள்ளே இருந்த எதுவும் கிடைக்காது" என்று மூடிக் கொடுத்துவிட்டார். எஸ்எஸ்டி என்றால் கோப்புகள் எல்லாம் இருக்கும் டிஸ்க்தான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள். வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தால், எஸ்எஸ்டியின் பெயரும் 512 ஜிபி என்ற அளவும் பளிச்சென்று தெரிகின்றன. செத்துப்போன டிஸ்க் பெயர் சொல்லுமா?

விஷயம் இதுதான். இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலி உள்ள பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற ஏற்பாட்டின் வழியாகத்தான் எஸ்எஸ்டியை அணுக முடியும். அதற்குரிய டிரைவரை, அதாவது அந்த ஏற்பாட்டோடு பேசத் தேவையான சிறு மென்பொருளைக், கொடுக்காவிட்டால் விண்டோஸ் நிறுவலுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாது. அன்றாடம் இதையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். விஎம்டி டிரைவர் அதிலேயே இருப்பதால் டிஸ்க் தெரிந்தது, ஆனால் பிட்லாக்கர் பூட்டு, அதாவது சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்கவிடாத விண்டோஸ் பாதுகாப்பு. நாம் கேட்காமலேயே பல கணினிகளில் இது போடப்பட்டிருக்கும். 48 இலக்கச் சாவி மனைவியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது. அதை உள்ளிட்டதும் படங்கள் அத்தனையும் திறந்தன. வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து முடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

நண்பர் வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருளைக் கொண்டு விண்டோஸ் பென்டிரைவ் தயாரித்தேன். 8 ஜிபி போதும், அதில் இருப்பது அழிந்துவிடும். அடுத்த இடறல் டிரைவரில். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பது எக்ஸ்இ கோப்பு. அதை அப்படியே வைத்தால் நிறுவல் திரை கண்டுகொள்ளாது. பிரித்தெடுத்து, உள்ளிருக்கும், டிரைவர் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் கோப்புள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் போட வேண்டும். பிறகு 'லோடு டிரைவர்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டியதும் 'விஎம்டி கன்ட்ரோலர் 9ஏ0பி' என்ற வரி வந்தது. தேர்ந்தெடுத்தேன். காலியாக இருந்த பட்டியலில் எங்கள் டிஸ்க் வந்து உட்கார்ந்தது!

மற்றதெல்லாம் தானாக நடந்தது. உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் கேட்கவே இல்லை. கடையில் அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வைஃபை வேலை செய்யாவிட்டால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தைப் பகிருங்கள். பிட்லாக்கர் சாவியை இன்றே தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.