பசைக் கோட்டில் நின்ற சுடர்

விமானத்தின் பக்கச்சுவர் பேனலுக்குப் புதிய அலங்காரப் படலம் ஒட்டும் வேலை எங்களுக்கு வந்தது. படலத்துக்குத் தீச்சோதனைச் சான்றிதழ் இருந்தது, பேனலுக்கும் இருந்தது. ஆனால் பசை போட்டு ஒட்டிவிட்டால் அது வேறு பொருள். விமானத்தில் எப்படி இருக்குமோ அப்படியே செய்த மாதிரியைத்தான் எரித்துக் காட்ட வேண்டும்.

மாதிரிகளை 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்திருந்தோம். எடுத்த கையோடு, காற்றடிக்காத பெட்டிக்குள் செங்குத்தாக மாட்டினார்கள். கீழே பன்சன் பர்னர், 38 மி.மீ. உயரச் சுடர், 60 வினாடி. பர்னரை விலக்கியபின் 15 வினாடிக்குள் அணைய வேண்டும். எரிந்த நீளம் 152 மி.மீ. தாண்டக் கூடாது. குறைந்தது மூன்று மாதிரிகளின் சராசரியைத்தான் பார்ப்பார்கள்.

பர்னரை நகர்த்தியதும் பேனலின் முகப்பு உடனே அணைந்தது. ஆனால் படலத்துக்கும் பேனலுக்கும் நடுவே, பசைக் கோட்டில், சின்ன மஞ்சள் சுடர் ஒன்று பிடிவாதமாக நின்றது. சராசரி 15-ஐத் தாண்டிவிட்டது. அதே பசையை மெல்லிய பூச்சாகப் போட்டுப் புது மாதிரிகள் செய்தோம். இந்த முறை சுடர் சட்டென்று அடங்கியது.

அப்புறம் அளவெடுப்பு. இதில் அவசரமே கூடாது. மென்துணியால் புகைக்கரியைத் துடைத்துவிட்டு, விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே மேலே போக வேண்டும். கருகிய இடமும், தொட்டால் நொறுங்கும் இடமும் கணக்கில் சேரும். வெறும் கறையும் நிறமாற்றமும் சேராது. அந்த எல்லையைக் கண்ணைவிட விரல்தான் சரியாகச் சொல்கிறது.

20 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் ஏறும் விமானம் என்றால் இதோடு முடியாது. வெப்ப வெளியீட்டின் உச்சம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. புகை அடர்த்தியும் பார்ப்பார்கள். 1985-இல் மான்செஸ்டர் விமான நிலையத்தில் எரிந்த விமானத்தில் இறந்த 55 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். அதை நினைத்தால் இந்தச் சோதனைகள் எதுவுமே அதிகமாகத் தெரியவில்லை. எங்கள் பேனல் இரண்டிலும் தேறியது.

இதே வேலையில் இறங்குபவர்கள், சோதனைத் திட்டத்திலேயே பசையின் பெயரையும் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதிவிடுங்கள். பட்டறையில் பூசுபவர் கையிலும் அதே எண் இருக்கட்டும்.