பாத்ரூம் கதவுல குறைஞ்ச 5 சென்டிமீட்டர்

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில இருந்த அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்குத்தான் எங்க வீட்டை முதல் தடவையா டேப் வச்சு அளந்தேன். வீல்சேர் அகலம் 65 சென்டிமீட்டர், பாத்ரூம் கதவைத் திறந்தா கிடைக்கிற வழி 60. அந்த 5 சென்டிமீட்டருக்காக ஒவ்வொரு தடவையும் நானும் தங்கச்சியும் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சு அம்மாவை உள்ள கொண்டு போகணும். எங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாதுன்னு அவங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிட்டாங்க, அது எங்களுக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆச்சு.

எங்களோடது அரசு கட்டின குறைஞ்ச வாடகை ஃப்ளாட். அந்த வீடு இல்லன்னா இந்த நகரத்துல எங்களுக்கு இடமே கிடையாது, அந்த நன்றி எப்பவும் உண்டு. ஆனா அன்னையிலேர்ந்து இந்த மாதிரி வீடுகளை எப்படிப் பிளான் பண்றாங்கன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். கம்மி செலவுல கட்டணும்னா எதையாவது குறைச்சுத்தான் ஆகணும், புரியுது. எதுல கை வைக்கிறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

லிஃப்ட்டையே எடுத்துக்குவோம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 1950கள்ல ப்ரூயிட்-ஐகோன்னு ஒரு குடியிருப்பு கட்டினாங்க, மொத்தம் 33 கட்டடம், ஒவ்வொண்ணும் 11 மாடி. செலவு மிச்சம்னு லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காத மாதிரி வச்சுட்டாங்க, 1, 4, 7, 10 அவ்வளவுதான், மத்த மாடிக்காரங்க அங்க இறங்கிப் படியில ஏறணும் இல்ல இறங்கணும். கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, முழங்கால் வலிக்காரங்க எல்லாருக்கும் இதே கதிதான். பராமரிப்புச் செலவை குடியிருக்கிறவங்க கொடுக்கிற வாடகையிலேர்ந்துதான் எடுக்கணும்னு ஏற்பாடு, ஆள் காலி பண்ணப் பண்ண வாடகை குறைஞ்சுது, வாடகை குறைய ரிப்பேர் நின்னுச்சு, ரிப்பேர் நிக்க இன்னும் ஆள் காலி பண்ணாங்க. 1972லேயே வெடி வச்சுத் தகர்க்க ஆரம்பிச்சுட்டாங்க. உயரமான கட்டடம்னாலே ஏழைகளுக்கு ஒத்து வராதுன்னு இன்னைக்கும் இதைக் காட்டிப் பேசுறவங்க இருக்காங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காம எத்தனை மாடி கட்டினாலும் அது விழத்தான் செய்யும்.

ஏன்னா சிங்கப்பூர்லயும் ஆரம்பத்துல லிஃப்ட்ல இதே தப்பைத்தான் பண்ணாங்க! அங்க வீட்டு வசதி வாரியம் தொடங்கினது 1960ல, இப்ப சிங்கப்பூர்வாசிகள்ல 100க்கு 80 பேர் கிட்ட அந்த வீடுகள்லதான் இருக்காங்க. பழைய பிளாக்குகள்ல லிஃப்ட் சில மாடியில மட்டும்தான் நிக்கும். குடியிருந்தவங்களுக்கு வயசாக ஆக பிரச்சனை பெருசாச்சு, 2001லேர்ந்து ஒவ்வொரு பிளாக்கா எடுத்து எல்லா மாடியிலயும் லிஃப்ட் நிக்கிற மாதிரி மாத்தினாங்க, சில இடத்துல கட்டடத்துக்கு வெளிப்பக்கமா புதுசா லிஃப்ட் கூண்டே கட்டி ஒட்ட வச்சாங்க. செலவுல பெரும்பகுதி அரசோடது. அன்னைக்கு மிச்சம் பிடிச்ச காசு, பிறகு அரசு கையிலேர்ந்தே திரும்பப் போச்சு.

ரேம்ப்பும் இப்படித்தான். வீல்சேருக்கான சரிவுக்குப் பொதுவா சொல்ற கணக்கு 1க்கு 12. வாசல் 60 சென்டிமீட்டர் உயரத்துல இருந்தா 7.2 மீட்டர் நீளத்துக்கு ரேம்ப் வேணும், நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளமும் வேணும்னா இன்னும் நீளும். பிளான் போடும்போதே தரையோட ஒட்டி வாசலை வச்சுட்டா இந்தப் பிரச்சனையே வராது. கட்டி முடிச்சப்புறம் 7 மீட்டருக்கு எங்க போறது, அதான் ஏறவே முடியாத அளவுக்குச் செங்குத்தா ஒண்ணைச் சிமெண்டுல பூசி வச்சுட்டுப் போயிடுறாங்க.

பாத்ரூம் பத்தி ஒண்ணு சொல்லணும். கதவு வெளிப்பக்கமா திறக்கணும். உள்ள ஒருத்தர் வழுக்கி விழுந்து கதவுக்குப் பின்னாடி கிடந்தா, உள்பக்கமா திறக்கிற கதவை நாம தள்ளவே முடியாது. எங்க வீட்டுல ஒரு தடவை இப்படி நடந்தது, அந்தப் பத்து நிமிஷத்தை என்னால எழுத முடியல. அதே மாதிரி கைப்பிடி மாட்டப் போற இடத்துச் சுவரை மட்டுமாவது உறுதியா கட்டணும், எங்க சுவர்ல டிரில் போட்டதும் பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு.

ஏறுறது இறங்குறது சரியா இருந்தா மட்டும் போதாது, உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டக் கூடாது. வெளியில போக முடியாதவங்களுக்கு ஜன்னல்தான் உலகம். நீளமான காரிடாரோட ரெண்டு பக்கமும் வீடு வச்சா நிறைய வீடு அடக்கலாம், ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பக்கம்தான் ஜன்னல், காத்து உள்ள வந்தாலும் வெளியேற வழியில்ல. வியன்னாவுல 1927லேர்ந்து 1930 வரைக்கும் கட்டின கார்ல் மார்க்ஸ் ஹோஃப்ங்கிற குடியிருப்புல 1,382 வீடு இருக்கு, ஆனா இருந்த நிலத்துல அஞ்சுல ஒரு பங்குகூட கட்டடம் கிடையாது, மீதியெல்லாம் தோட்டமும் முற்றமும்தான். லாண்டரி, குளியல் கூடம், நூலகம், குழந்தைகளுக்குப் பள்ளின்னு எல்லாமே உள்ளேயே. தொழிலாளிங்களுக்குக் கட்டினது அது, 1923ல போட்ட வீட்டு வரியில, பெரிய வீட்டுக்காரங்க கூடுதலா கட்டின பணத்துல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது போர்டோ. பிரான்ஸ்ல அந்த ஊர்ல பழைய 530 ஃப்ளாட்டை இடிக்காம, வெளிச்சுவர்ப் பக்கமா 3.8 மீட்டர் வெளியே நீளுற மாதிரி கண்ணாடி போட்ட பால்கனியைச் சேர்த்தாங்க லக்கத்தோன், வாஸல்ங்கிற ரெண்டு கட்டடக்கலைஞர்களும் அவங்க கூட்டாளிகளும், வேலை நடக்கும்போதும் யாரையும் காலி பண்ணச் சொல்லல. 2021ல அந்த ரெண்டு பேருக்கும் கட்டடக்கலைக்கான பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைச்சப்ப சொந்தக்காரங்களுக்குக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

எங்க வீட்டுல ஆசாரியை வச்சு பாத்ரூம் கதவை நிலையோட கழட்டிட்டோம், இப்ப அங்க ஒரு திரைதான். சுவர் தாங்காததால கைப்பிடியைத் தரையில ஊன்றி நிக்கிற கம்பியா வச்சிருக்கோம். அம்மா சேரைத் தானே உருட்டிக்கிட்டுப் போறாங்க. நேத்து மத்தியானம் இன்னொரு டம்ளர் தண்ணி கேட்டாங்க.