எஃப்.சி. போர்டு மாற்றியாச்சு, பேர் மாற்றத்தான் அலைய வேண்டியதாயிற்று: ஒரு மருந்தடிக்கும் ட்ரோனின் கதை

மருந்தடிக்கும் ட்ரோனில் எஃப்.சி. போர்டை, அதாவது பறப்பதைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலரை, மாற்றுவது அரை மணி நேர வேலை. மாற்றிய பிறகு அதைச் சட்டப்படி மறுபடி பறக்கவிட எனக்குப் பிசான நெல் பருவத்தில் பாதி போய்விட்டது. திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பை, சேரன்மகாதேவி, களக்காடு பக்கமெல்லாம் இப்போது ட்ரோன் வாங்கி ஏக்கர் கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அலைச்சல் வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பயிற்சியும் பைலட் சான்றிதழும் எனக்குச் சிக்கலில்லாமல் முடிந்தன. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் படித்தேன், கையோடு கிடைத்தது. 2023-இல் விதியைத் திருத்திய பிறகு அதற்குப் பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போதும்.

என்னுடையது 10 லிட்டர் டேங்க், நாலு கை வைத்த ட்ரோன்; கைக்கு ஒரு மோட்டார். முழு டேங்கோடு 25 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயலுக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் நின்றது. நாலு கை ட்ரோனில் ஒன்று நின்றால் மீதி மூன்றும் தாங்காது. அப்படியே கவிழ்ந்து வயல் தண்ணீரில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் போகிற செம்பு முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. மூட்டில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் அந்த ஒரு கையில் மட்டும் இல்லை. மற்ற மூன்றிலும் இருந்தது. வளையம் உட்காரும் பள்ளத்தில் ரப்பர் பட்ட தடமே கிடையாது. அதாவது கம்பெனியிலிருந்து வரும்போதே போடவில்லை. அந்த வழியாக மருந்துத் தண்ணீர் இறங்கி, முனையைத் தின்று, கடைசியில் மோட்டாரை ஓட்டுகிற ஈ.எஸ்.சி. கருகிவிட்டது. புதிதாக ட்ரோன் வாங்குபவர்கள் டெலிவரி அன்றைக்கே நாலு கையையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் அரசின் ட்ரோன் இணையத் தளத்தில் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 2021 ட்ரோன் விதி. அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். என் பைலட் கணக்கு திறந்தது. ஆனால் ட்ரோனின் பதிவு எண்ணைத் தேடினால் என் பேரில் எதுவும் இல்லை. வாங்கும்போது ட்ரோனின் கையில் ஒட்டின ஸ்டிக்கரில் எண் இருந்தது, "எல்லாம் முடிச்சாச்சு" என்றும் சொன்னார்கள். உண்மையில் அந்த எண்ணை விற்பனை நிலையத்தின் கணக்கில், அவர்கள் பேரில் போட்டிருக்கிறார்கள். வண்டி என் வீட்டில், ஆர்.சி. புக் ஷோரூம்காரர் பேரில் என்கிற நிலைமை. விவரங்களை எழுதி, ஸ்பாட் போட்டோக்களோடு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நேரத்தைப் பதிவு செய்துகொண்டேன். பின்னால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்டது அதைத்தான்.

மறுநாள் விற்பனை நிலையத்துக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"பதிவு போட்ட பையன் வேலைய விட்டுப் போயிட்டாம்லா அண்ணாச்சி. அவன் நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும்."

"அப்ப நான் யாருட்ட கேக்க?"

"ஒரு மெயில் போட்டுட்டுப் போங்க, பாப்பம்."

மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போனால், "அது எங்க வேலை இல்ல, பேர் மாத்தணும்னா சர்வீஸ் சார்ஜ் ஆகும்" என்றார்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 100 ரூபாய். அதற்கு மேல் அவர்கள் கேட்டது பல ஆயிரம். வயலில் புழு தின்றுகொண்டிருக்கிறது, சொல்லி வைத்த விவசாயிகள் போன் மேல் போன் போடுகிறார்கள், இங்கே ஒரு ஓ.டி.பி.க்காக நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது.

கடைசியில் உதவியது அந்தப் பையன்தான். வள்ளியூர்க்காரன்; பயிற்சியில் கூடப் படித்த ஒருவர் மூலமாக நம்பர் கிடைத்தது. பெங்களூரில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணாச்சி, அந்த சிம்மு இன்னும் என்கிட்டதான் இருக்கு. அவங்கள லாகின் போடச் சொல்லுங்க, நான் ஓ.டி.பி. சொல்லுதேன்" என்றான். நான் விற்பனை நிலையத்தில் நின்றுகொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர்களுக்கு மறுக்க வழியில்லை. பேர் மாற்றத்துக்கு டி-3 படிவம். விற்றவர் விவரம், வாங்குபவர் விவரம், 100 ரூபாய். அவர்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்க முடியும் என்பதால்தான் இத்தனை பாடு. ட்ரோன் வாங்குகிறவர்கள் உங்கள் மொபைல் எண்ணிலும் உங்கள் மெயிலிலும் கணக்கைத் திறந்து, பதிவுச் சான்றிதழ் உங்கள் பேரில் வந்ததைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். ஸ்டிக்கர் ஒரு அத்தாட்சியே இல்லை.

இதற்கிடையே, தண்ணீரில் விழுந்த ட்ரோனுக்கு எஃப்.சி. போர்டு மாற்றும் ரிப்பேர். சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில். திருநெல்வேலி ஜங்ஷனில் கூரியர்காரர்கள் ட்ரோனை எடுத்துக்கொண்டார்கள், பேட்டரியைத் தொட மாட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரி அபாயகரமான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பேட்டரி இன்னும் மோசம். நனைந்ததை வீட்டுக்குள் வைக்காதீர்கள். நான் தொழுவத்துக்கு வெளியே மணல் நிரப்பின சிமெண்ட் தொட்டியில் வைத்திருந்தேன். நல்ல பேட்டரிகளை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைத்தேன். முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் உப்பிவிடும்.

அனுப்புவதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை எல்லாரும் செய்யுங்கள்: பழைய போர்டின் மெமரி கார்டிலிருந்து பறந்த பதிவு முழுவதையும் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். சர்வீஸ் சென்டரில் கார்டைச் சுத்தமாக அழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பறந்த பதிவு இல்லாமல் போயிருந்தால் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் வந்திருக்காது.

போர்டு மாற்றி ட்ரோன் வந்தது. மாற்றின எஃப்.சி.யின் சீரியல் எண்ணைத் தளத்தில் ஏற்றாமல் பறக்கவிடக் கூடாது. பதிவு எண், ட்ரோனின் சீரியல், எஃப்.சி., ரிமோட் எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. இங்கே அடுத்த முட்டுக்கட்டை. பில்லில் ஒரு எண், போர்டில் ஒட்டின ஸ்டிக்கரில் இன்னொரு எண். நகத்தளவு வெள்ளைத் தாள், எழுத்து மங்கலாக இருந்தது. பில்லில் '8' என்று அடித்திருந்த இடத்தில் ஸ்டிக்கரில் ஆங்கில 'பி' (B) மாதிரி தெரிந்தது. பில் எண்ணைப் போட்டு விண்ணப்பித்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். டார்ச் அடித்து, போனில் பெரிதாக்கிப் பார்த்தும் உறுதி ஆகவில்லை. பிறகு லேப்டாப்பை மாட்டி, ட்ரோனை அமைக்கிற கிரவுண்ட் ஸ்டேஷன் மென்பொருளில் பார்த்தபோது போர்டே தன் எண்ணைக் காட்டியது: 'பி' தான். அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பி, பில்லைத் திருத்தி சீல் வைத்து வாங்கினேன். போர்டு வாங்கும் இடத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், இரண்டு நிமிஷம்தான்.

அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் சொன்ன யோசனை: "பழைய பதிவை விட்டுருங்க, புது போர்ட வச்சு புது ட்ரோனா பதிஞ்சிருங்க." கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் இன்சூரன்ஸ் பாலிசி பழைய எண்ணின் மேல் நிற்கிறது. அதை விட்டால் விபத்துக்கு உள்ளான ட்ரோனே காகிதத்தில் உங்களிடம் இல்லை.

பேட்டையில் ஒரு தம்பி இன்னொரு ஆசை காட்டினான். இதே பாடியில் 16 லிட்டர் டேங்க் மாட்டித் தருகிறேன், ஒரு தடவை ஏற்றினால் ஒன்றரை ஏக்கர் முடிக்கலாம் என்றான். கைத்திறன் உள்ள பையன், நன்றாகவே மாட்டுவான். ஆனால் கூடுதல் 6 லிட்டர் என்றால் 6 கிலோ. 25 கிலோவைத் தாண்டியதும் அது 'ஸ்மால்' வகையிலிருந்து 'மீடியம்' வகைக்குப் போய்விடும். என் பைலட் சான்றிதழ் ஸ்மாலுக்கு. இந்த மாடல் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் கொடுத்தது அந்த எடைக்கு, அந்த அமைப்புக்கு. விழுந்து ஒருவர் தலையில் பட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டேங்கைத்தான் அளப்பார். மோட்டாரும் கையும்கூட அந்த எடைக்குச் செய்ததுதான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். தயாரிப்பாளரே தங்கள் உதிரிப் பட்டியலில் வைத்திருக்கும், மருந்து தெளிக்கிற மாற்று நாசிலை மட்டும் பில்லோடு வாங்கிப் போட்டேன்.

சர்வேயர் வரத் தாமதம் ஆனது. வந்தவர் நல்ல மனிதர். காவல் நிலைய ரசீது இருக்கிறதா என்றார். அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். ஸ்டேஷனில் ஏட்டையா கேட்ட முதல் கேள்வி, "கூடங்குளம் பக்கம் விட்டீயளோ?" "இல்ல ஐயா, சேரன்மாதேவி வயல்ல மருந்தடிக்கயில விழுந்துட்டு" என்று பைலட் சான்றிதழைக் காட்டியதும் சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் மாவட்டம் சாதாரண இடம் இல்லை. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மேற்கே முழுக்கக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ராதாபுரம், நாங்குநேரி பக்கத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டால் சர்வே எண்ணைக் கேட்டு, வான்வெளி வரைபடத்தில் பார்த்த பிறகுதான் சரி சொல்கிறேன். கிழக்கே வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டருக்கு நீட்டிவிட்டார்கள். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. எல்லையே நகர்ந்திருக்கும்போது பழைய வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இன்சூரன்ஸ் பணம் தேய்மானம் கழித்து வந்தது. பதிவு என் பேருக்கு மாறாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை என்று சர்வேயரே சொன்னார்.

இப்போது மருந்தடித்து முடித்ததும் டேங்கில் நல்ல தண்ணீர் ஊற்றி பம்ப் வழியாக ஓட்டிவிடுகிறேன். வாய்க்கால் தண்ணீர் உத்தமம். தெற்கே கிடைக்கிற உப்புத் தண்ணீர் நாசிலை அடைத்துவிடும். வாரம் ஒருதரம் நாலு கையின் மூட்டுகளையும் திறந்து செம்பு முனையைப் பார்க்கிறேன்.

ரப்பர் வளையம் போடாமல் விற்றதற்கும் பதிவைத் தங்கள் பேரில் வைத்துக்கொண்டதற்கும் நுகர்வோர் ஆணையத்தில் இணையவழி மனு தயார் செய்திருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வாடகைக்கு ஓட்டுகிறீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக நானே ஓட்டும் சுயதொழில் என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, பைலட் சான்றிதழை இணைக்கச் சொன்னார் வக்கீல். காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். உங்கள் பில்லைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.